இரண்டாவது சாட்சி

தூத்துக்குடி முதியோர் மன்றத்தில் இருந்த நினைவுப்பெட்டி என்ற பேசும் கருவி, யார் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ளும். ஆனால் உயிரோடிருக்கும் இன்னொருவர் "நானும் பாத்தேன்" என்று சொன்னால்தான் அதை மாவட்ட வரலாற்றில் சேர்க்கும்.

தஸ்நேவிஸ் எட்டு மாதமாக ஒரே கதையைத்தான் சொல்லிவந்தார். தண்ணீர்ப் பஞ்சம் வந்த கோடையில் அவர் மனைவி பிரகாசி தண்ணீர் லாரிக்கு முன்னால் படுத்தாள். தெருவின் கடைசி வீட்டுக் குடமும் நிரம்பிய பிறகுதான் எழுந்தாள். அதைப் பார்த்தவர்களில் அவர் மட்டுமே மிஞ்சியிருந்தார். பெட்டி ஒவ்வொரு முறையும் "சாட்சி இல்லை" என்றது.

அன்று மன்றத்துக்குப் புதிதாக வந்திருந்த சண்முகவடிவு பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "நானும் பாத்தேன். பச்சச் சேல கட்டியிருந்தாக" என்றாள். பெட்டி ஏற்றுக்கொண்டது.

வாசலுக்கு வந்ததும் தஸ்நேவிஸ் அவளிடம் கேட்டார்: "நீங்க எந்த வீட்டுல இருந்தீகம்மா?"

"நான் கடம்பூர்க்காரி அண்ணாச்சி. இந்த ஊருக்கு வந்தே ஒரு மாசந்தான் ஆகுது."

பிரகாசி ஒருநாளும் பச்சைச் சேலை கட்டியதில்லை.

"நாளைக்கு எங்க வீட்டுக்காரரப் பத்திச் சொல்லப்போறேன்" என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி. "அவுக செஞ்சதப் பாத்தவுக கடம்பூர்லயும் யாரும் மிஞ்சல."

"எத்தன மணிக்கு வரணும்?" என்று கேட்டார் தஸ்நேவிஸ்.