அடையாளப் பட்டை

நர்ஸ் மருந்தை அளந்து எடுத்துக்கொண்டு கட்டிலருகே வந்தாள். புற்றுநோய்க் குழந்தைகள் வார்டில் அவளுக்குப் பதினொரு வருஷம். அந்த வாரம் மட்டும் மூன்று குழந்தைகள் கண்ணை மூடின. மூன்று கட்டிலுக்கும் அவளே விரிப்பு மாற்றினாள். அழுகை வரவில்லை. அழுகை என்ன, பசியே வரவில்லை.

"பேரு?"

சிறுமி சொன்னாள்.

"பிறந்த தேதி?"

அதையும் சொன்னாள். "தினம் இதையே கேட்டா எப்படி? ஒரே நாள்ல பேரு மாறிடவா போகுது?"

"கேக்காம யாருக்கும் மருந்து குடுக்கக் கூடாது. கையைக் காட்டு."

"நேத்து கையில பட்டை இல்லைன்னு மருந்தைத் திருப்பி எடுத்துட்டுப் போயாச்சு. விடிய விடிய எனக்குக் காய்ச்சல்."

"பட்டை இல்லாம குடுக்க முடியாதும்மா."

"அதான் இன்னிக்கு நானே கட்டிக்கிட்டேன்."

போர்வைக்குள்ளிருந்து கை வெளியே வந்தது. நோட்டுத் தாளைக் கிழித்து, பசை தடவி ஒட்டிய பட்டை. நர்ஸ் குனிந்து படித்தாள். பெயர் சரி. பிறந்த தேதி சரி. வார்டு, கட்டில் எண் இருக்கவேண்டிய இடத்தில் பென்சிலால் எழுதியிருந்தது:

'நம்ம வீடு. நான் உன் பொண்ணும்மா.'

"எல்லாம் சரியா இருக்கு," என்றாள் நர்ஸ். சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. "வாயைத் திற."