மாடி வீட்டு வாசகி

"கையகல ஈ-ரீடருக்குள்ள உன் மூணு அலமாரிப் புத்தகமும் அடங்கிடும்டா. வாங்கித் தரட்டுமா?" என்றாள் அக்கா.

"காகிதத்தைத் தொட்டுப் படிக்கிற சுகம் அதுல வருமாக்கா?" என்றான் தம்பி.

அழைப்பு மணி அடித்தது. மாடி வீட்டு டீச்சர் ஒரு நாவலை நீட்டினாள்.

"ஒரே மூச்சுல முடிச்சுட்டேன். அடுத்தது குடுங்களேன்."

முகமெல்லாம் பல்லாக இன்னொன்றை எடுத்துக் கொடுத்து அனுப்பினான்.

அக்கா திரும்பி வந்த நாவலைப் புரட்டினாள். அச்சகத்தில் வெட்டத் தவறியதில், பாதிப் பக்கங்கள் ஓரத்தில் ஒட்டியபடியே இருந்தன.

"டேய், நீ இதைத் திறந்தே பார்க்கலை. சரி. அந்தப் பொண்ணுமா?"

பிடுங்கிப் பார்த்தான். அவள் எதற்கு வந்து போகிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. காது மடல் சிவந்தது.

"இப்ப சொல்லு, ஈ-ரீடர் வாங்கட்டுமா?"

"ஐயையோ! இன்னொரு அலமாரி வாங்கிக் குடுக்கா."