மாமனார் போட்ட மோதிரம்

"மாமா, மில்லை உடனே நிறுத்துங்க."

"டூட்டியில மாமா கிடையாது. போர்மேன்னு கூப்பிடு. எதுக்கு நிறுத்தணும்?"

பிட்டருக்கு மூச்சு வாங்கியது. மேலே நிலக்கரி பெல்ட் ஓடும் மேடையிலிருந்து, இரும்புப் படிகளில் உருண்டு விழாத குறையாக ஓடி வந்திருந்தான். எதிரே நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவர் வீட்டில் அவனுக்கு மாமனார், பாய்லர் வளாகத்துக்குள் போர்மேன். கேட்டுக்கு வெளியே "வாங்க மாப்பிள்ளை" என்று வாய் நிறையக் கூப்பிடுகிற அதே மனிதர், கேட்டைத் தாண்டியதும் "யோவ் பிட்டர்" என்பார்.

அவர் அறைக்குப் பின்னால்தான் மில் ஓடிக்கொண்டிருந்தது. பெல்ட்டில் கட்டி கட்டியாக வந்து விழும் நிலக்கரியை முகத்துக்குப் பூசும் பவுடர் மாதிரி அரைத்து, பாய்லருக்கு ஊதித் தள்ளும் யந்திரம். உள்ளே ராட்சச ரோலர்கள் மூன்று. தேய்ந்துபோன பழசைக் கழற்றிவிட்டு முந்தாநாள்தான் புதுசு மாட்டியிருந்தார்கள். போல்ட்டுகளை இறுக்கியவன் நம் பிட்டர்தான். இப்போது அதே ரோலர்கள் அவன் குடியைக் கெடுத்துக்கொண்டிருந்தன.

மில்லில் பேரிங் சத்தம் சரியில்லை என்று முதலில் புளுகிப் பார்த்தான். போர்மேன் அசரவில்லை. முந்தாநாள் மாட்டிய பேரிங் அதற்குள் போய்விட்டதென்றால் மாட்டியவனைத்தான் முதலில் கழற்ற வேண்டும் என்றார். மில் நின்றால் நீராவி இறங்கும், நீராவி இறங்கினால் மேனேஜர் கத்துவார், இந்த வம்பு தேவையா என்றும் கேட்டார்.

வேறு வழியில்லாமல் பிட்டர் விஷயத்தைக் கக்கினான். பெல்ட்டுக்கு அடியில் உருளும் ரோலருக்கு கிரீஸ் வைத்தான். கையெல்லாம் வழவழப்பு. எழுந்து உதறினதுதான் தாமதம், மோதிரம் விரலை விட்டு நழுவி, ஓடுகிற நிலக்கரி மேல் விழுந்து கண்ணுக்கு மறைந்துவிட்டது. கல்யாணத்துக்கு மாமனார் போட்ட மோதிரம்.

அதைச் சாதாரண மோதிரம் என்று சொன்னால் அடுக்காது. கல்யாணமான நாள் முதல் அந்த வீட்டில் குடும்பம் நடத்தியதே அதுதான். மாமனார் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ வேண்டுமா, சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டுமா, பிட்டரைத்தான் கூப்பிடுவார்கள். அவன் முகம் கொஞ்சம் சுளித்தால் போதும், "பெத்த பொண்ணுக்குக்கூடப் போடாம உங்க விரலுக்குப் போட்டேன் மாப்பிள்ளை, சுத்தத் தங்கம்" என்று மாமனார் ஆரம்பித்துவிடுவார். மனைவியும் அப்பா பக்கம் சாய்ந்துகொள்வாள். பிட்டர் வாளியைத் தூக்கிக்கொண்டு தொட்டிக்குள் இறங்குவான்.

இருந்தபோதே இந்தப் பாடு. தொலைத்துவிட்டான் என்று தெரிந்தால் பேரன் பேத்தி காலம் வரைக்கும் சொல்லிக் காட்டுவார்கள். அந்தப் பயம்தான் அவனைப் படியில் உருட்டாத குறையாக இறக்கிவிட்டிருந்தது.

வானம் இடிந்து தலையில் விழப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டான். ஒன்றும் விழவில்லை. மாமனார் நீட்டிய காலை மடக்கி எழுந்து நின்றார்.

"எந்த இடத்துல விழுந்துச்சு? காந்தத்துக்கு முன்னாடியா, காந்தத்தைத் தாண்டியா?"

பெல்ட்டுக்கு மேலே ஒரு பெரிய காந்தம் தொங்கும். அந்த நீண்ட மேடையில் வேறு அடையாளம் கிடையாது. காந்தத்துக்கு முன்னாடி, காந்தத்தைத் தாண்டி என்றுதான் எல்லோருமே இடம் சொல்வார்கள்.

"முன்னாடிதான் மாமா. எங்க விழுந்தா என்ன, இந்நேரம் மில்லுக்குள்ள போயிருக்கும். நிறுத்துங்க, திறந்து பாத்துடறேன்."

"மில்லை எல்லாம் நிறுத்த வேணாம். நீங்க இங்கயே உக்காருங்க மாப்பிள்ளை. நான் போய்ப் பாத்துட்டு வரேன்."

கேட்டுக்குள் அவன் மாப்பிள்ளை ஆனது அதுதான் முதல் தடவை. தானும் கூட வருவதாகச் சொன்னான். வரவே கூடாது என்று மாமனார் தோளைப் பிடித்து அழுத்தித் தன் நாற்காலியிலேயே உட்கார வைத்தார். முட்டிவலி தாங்காமல் மாடி வீட்டையே காலி செய்த மனிதர், கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறிப்போனார். தொட்டிக்குள் நின்றுகொண்டு இவரை என்னவெல்லாம் திட்டியிருக்கிறோம் என்று பிட்டர் வெட்கப்பட்டான். அதில் பாதியை மனசார வாபஸ் வாங்கினான்.

பின்னால் மில் நிம்மதியாக அரைத்துக்கொண்டிருந்தது. இவன் வெறும் விரலைத் தடவிக்கொண்டிருந்தான்.

சற்று நேரத்தில் மாமனார் இறங்கி வந்தார். கையில் மோதிரம். கரி அப்பியிருந்ததே தவிர நெளிசல்கூட இல்லை. தன் சட்டையில் துடைத்து அவரே அவன் விரலில் மாட்டிவிட்டார்.

"இனிமே பத்திரம் மாப்பிள்ளை. தங்கமாச்சே. இந்தக் கதையை யார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியாதீங்க, முக்கியமா என் பொண்ணுகிட்ட."

பிட்டர் உருகிப்போனான். திட்டினதில் மீதிப் பாதியையும் வாபஸ் வாங்கினான். வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து வீடு முழுக்க வெள்ளையடித்துத் தருவதாக, யாரும் கேட்காமலே வாக்கும் கொடுத்தான். மாமனார் பெருந்தன்மையோடு சம்மதித்தார்.

பாதியில் விட்ட கிரீஸ் வேலையை முடிக்க மறுபடி மேடை ஏறினான். பெல்ட் ஓட்டுகிறவர் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார். இவ்வளவு நிலக்கரியில் ஒரு மோதிரத்தைத் தேடி எடுத்தாரே, மாமனார் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று பிட்டர் அவரிடம் புகழ்ந்து தள்ளினான்.

"அவர் எங்க தேடினார்?" என்றார் பெல்ட்காரர். "நேரா வந்து காந்தத்தை ஓரமா இழுத்து ஆஃப் பண்ணச் சொன்னார். பண்ணேன். ரெண்டு போல்ட்டு, ஒரு ஆணி, கூடவே உங்க மோதிரம், எல்லாம் ஒண்ணா உதிர்ந்துச்சு."