சமத்துத் தூக்கம்

கணினித் திரையில், எரியாமல் தேங்கிய எட்டுக் கார்பன் கொழுப்பைக் காட்டும் முகடு மட்டும் ஒற்றைக் கம்பம் போல் உயர்ந்து நின்றது.

பிறந்த குழந்தைகளின் குதிகாலில் எடுத்த ரத்தத்துளியைச் சோதிக்கும் ஆய்வகம் அது. முகடு இப்படி எழுந்தால் மறுபடி சோதித்துப் பார்க்க வேண்டும். உறுதியான பிறகு டாக்டர்தான் வீட்டுக்குப் பேசுவார். அதுதான் விதி.

டாக்டர் போனை எடுக்கவில்லை.

பஸ்ஸில் வழி கேட்கக்கூடக் கூச்சப்படுகிறவள், திரைமுன் இருந்த அந்த ஆய்வகப் பெண். ரத்தத்துளி அட்டையில் இருந்த எண்ணை அழுத்தினாள்.

குழந்தையின் அப்பா எடுத்தார்.

“பையன் பால் குடிச்சானா, சார்?”

“இன்னிக்கு இன்னும் இல்லைங்க. நேத்தெல்லாம் ஒரே அழுகை, எங்களைப் படுத்தி எடுத்துட்டான். இன்னிக்குத்தான் சமத்தாத் தூங்குறான். அசையக்கூட இல்ல.”

அவள் மறுபடி திரையைப் பார்த்தாள்.

பால் இறங்காத நேரத்தில் உடல் கொழுப்பை எரித்துத்தான் தாக்குப்பிடிக்கும். கொழுப்பை நறுக்கித் தரும் நொதி ஒன்று மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கிறது. இவனிடம் அது வேலை செய்யவில்லை. ரத்தத்தில் சர்க்கரை இறங்கிக்கொண்டே போகும். பார்ப்பவர்களுக்குத் தூக்கம் போலத்தான் இருக்கும்.

“எழுப்புங்க. உடனே எழுப்புங்க.”

அவர் சிரித்தார். “நல்லா சொன்னீங்க போங்க. எழுப்பி விட்டா, நீங்க வந்து தாலாட்டுவீங்களா?”

“சார், கெஞ்சிக் கேக்குறேன். அது தூக்கம் இல்ல. உள்ளங்காலைச் சுண்டுங்க. முழிச்சா பால் குடுங்க. குடிச்சாலும் சரி, குடிக்காட்டியும் சரி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்க. குளுக்கோஸ் ஏத்தணும்!”

ஆய்வகமே திரும்பிப் பார்த்தது. அவள் குரல் இவ்வளவு பெரியது என்று அங்கே யாருக்கும் தெரியாது.

போனை எங்கோ வைக்கும் சத்தம். ஓடும் காலடி. ஒரு பெண் அதட்டினாள்: “தூங்குற பிள்ளையை ஏங்க இப்படிப் போட்டு உலுக்குறீங்க?”

அப்புறம் அந்தப் பெண்ணின் குரலும் நின்றது.

ஆய்வகத்தில் அவள் போனைக் காதோடு வைத்து அழுத்தினாள். காது வலித்தது. அழுடா, அழுடா என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டாள்.

வீறிட்டு ஓர் அழுகை கேட்டது.

அவள் அப்படியே நாற்காலியில் சரிந்தாள். பக்கத்து மேசைக்காரி ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“கேக்குது சார், நல்லாக் கேக்குது. அழட்டும், விடுங்க. பால் குடுத்துட்டு உடனே கிளம்புங்க.”

மறுமுனையில் அவருக்கு மூச்சு இரைத்தது.

“அழுவுறது இவனோட அக்காங்க. இவனை எப்படிங்க எழுப்புறது? சொல்லுங்க.”