மேஸ்திரி வைத்த பரீட்சை

"நடுக்கடல்லயே திருப்பி அனுப்போணும்! கரையில கால் வைக்கவே உடக்கூடாது!" மாரிசாமி மேஸ்திரி கையிலிருந்த குச்சியால் தரையை ஓங்கித் தட்டினார்.

மத்தியானக் கஞ்சி நேரம். காப்பி எஸ்டேட்டின் சில்வர் ஓக் மரத்தடியில் ஆட்கள் தூக்குப்போசியைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். இலங்கையிலிருந்து போட்டில் வந்து, முகாமில் பதியாமல் எஸ்டேட்டுகளில் ஒளிந்திருப்பவர்களைத் தேடி நாளைக்குப் போலீஸ் வருகிறது என்று எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் செல்வராஜ் காலையில் சொன்னதிலிருந்து மேஸ்திரி ஒரு நிலையில் இல்லை. கஞ்சியைத் தொடக்கூட இல்லை. நாட்டைப் பற்றிய கவலை அவரை அப்படி ஆட்டி வைத்தது.

"முள்வேலி போட்டாப் போதும்" என்றார் ரைட்டர், டீயை உறிஞ்சிக்கொண்டே.

"ஏனுங்க, கடல்லயா?" என்றார் வெள்ளையன். ஆரஞ்சு விற்க மாரமங்கலத்திலிருந்து நடந்து வந்த மலைக்காரர். கூடை காலியாகிவிட்டாலும் வாய் காலியாகவில்லை.

"வேலியெல்லாம் ஆவாதுங்க" என்றார் மேஸ்திரி. "போட்டுக்காரன் காசை வாங்கிட்டு ராத்திரியில ஏத்துறான். கழுத்தளவு தண்ணியில எறக்கி உட்டுட்டு, போட்டைத் திருப்பிட்டு ஓடியே போயிடறான். கள்ளத்தோணிங்க! ஒருத்தனையும் உடக்கூடாது!"

மேஸ்திரி தினமும் பேப்பர் படிப்பவர். எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள்.

வெள்ளையன் மட்டும் ஆட்டவில்லை. "எங்க முப்பாட்டனுங்க காஞ்சியில இருந்து சாமியைத் தூக்கிக்கிட்டு மலையேறுனாங்கன்னு சொல்லுவாங்க. உங்க அப்பாரெல்லாம் வெள்ளைக்காரன் கூப்ட்டான்னு கீழ்நாட்டுல இருந்து வந்தவிங்க. ரைட்டரு போன வருசம் சேலத்துல இருந்து பஸ் ஏறுனாரு. நம்மள்ல யாரை யாரு தொரத்தறதுங்க?"

"நான் டிக்கெட் எடுத்து வந்தேன்!" என்று ரைட்டர் சீறினார்.

மேஸ்திரிக்கு இந்த வேதாந்தமெல்லாம் பிடிக்கவில்லை. ரைட்டரின் காதருகே குனிந்தார். "ஒருத்தரை நாமளே புடிச்சுக் குடுத்துட்டா, போலீசு மத்த ஊட்டுக் கதவைத் தட்டாதுங்க. எஸ்டேட்டுக்கும் நல்ல பேரு."

"யாரைப் புடிச்சுக் குடுக்கறது?"

மேஸ்திரியின் குச்சி நீண்டது. கைக்குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த தேவகுமாரி நிமிர்ந்தாள். போன மாதம்தான் வேலைக்குச் சேர்ந்தவள். யாரோடும் அதிகம் பேசமாட்டாள்.

"எனக்குத் தருமபுரிப் பக்கமுங்க" என்றாள். குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

"பேச்சை வெச்சுக் கண்டுபுடிக்க முடியாது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துச் சனமும் நம்மளாட்டத்தான் பேசும்" என்றார் மேஸ்திரி, சபையைப் பார்த்து. "ஆனாக் கை பொய் சொல்லாதுங்க! அங்க தேயிலைக்கு முதுகுல கூடை. ரெண்டு கையாலயும் கொழுந்தைக் கிள்ளித் தோளுக்கு மேல பின்னால வீசுவாங்க. இங்க காப்பிக்கு இடுப்புல பை, முன்னால. அவளைப் பறிக்கச் சொல்லுங்க. பின்னால வீசுனா, நாளைக்குப் போலீசு ஜீப்பு!"

பரீட்சை என்றதும் கூட்டம் கஞ்சியை மறந்தது. ரைட்டர் டீ டம்ளரோடு எழுந்து வந்தார். குழந்தையைப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்துவிட்டு, தேவகுமாரி பையைக் கட்டிக்கொண்டு செடிமுன் நின்றாள்.

கிளையை வளைத்தாள். சிவந்த பழமாகப் பார்த்து ஒவ்வொன்றாகத் திருகினாள். அத்தனையும் முன்பையில் விழுந்தன. ஒன்றுகூடப் பின்னால் போகவில்லை.

"பாஸ்!" என்றார் வெள்ளையன்.

பெண்கள் சிரித்தார்கள். மேஸ்திரிக்கு முகம் கருத்தது. கையில் கிடைத்த ஆள் நழுவினால், நாளைக்கு எல்லா வீட்டுக் கதவும் தட்டப்படும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்!

"இதுவா பறிக்கிற லட்சணம்? இந்த வேகத்துக்குப் பொங்கல் போயிக்கூட முடியாது!" குச்சியைத் தூக்கி எறிந்தார். "பையைக் குடு இப்படி! இந்த மண்ணுலயே பொறந்து வளந்தவன் கை எப்படி ஓடுதுன்னு பாருங்க எல்லாரும்!"

எல்லோருக்கும் ஆச்சரியம். குழி வெட்டும் ஆளாக வந்து, குச்சி பிடிக்கும் மேஸ்திரியான மாரிசாமி, பழம் பறித்து யாரும் பார்த்ததில்லை. அது அவர் கௌரவத்துக்குக் குறைச்சல் என்றுதான் இதுவரை நினைத்திருந்தார்கள்.

பறித்தார். அடடா, என்ன வேகம்! இரண்டு கைகளும் செடிமேல் பறந்தன. பழமா காயா என்றுகூடப் பார்க்கவில்லை. ரோஷம் தலைக்கேறிய மனிதருக்குச் சுற்றிலும் சத்தம் நின்றுபோனது தெரியவில்லை.

"மேஸ்திரி" என்றார் ரைட்டர் மெதுவாக.

திரும்பினார். பின்னால் நின்றிருந்த ரைட்டரின் சட்டையெல்லாம் காப்பிப் பழம். டீ டம்ளரில் இரண்டு மிதந்தன. மேஸ்திரியின் இடுப்புப் பை வெறுமையாகத் தொங்கியது.

"பை முன்னால இருக்குதுங்க" என்றார் வெள்ளையன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. மேஸ்திரி தன் கைகளையே வெறித்துப் பார்த்தபடி நின்றார். பையை வாங்கிக்கொள்ள அருகே வந்த தேவகுமாரி, அவர் காதில் மட்டும் விழும்படி கேட்டாள்:

"கரையேறுன மறுநாளே நான் கையை மாத்திப் பழகிட்டேன் அண்ணே... உங்களுக்கு அக்கரையில எந்தத் தோட்டம், ஹட்டனா, பதுளையா?"