இருபத்தைந்தாம் மாதம்

"யாரைடா போட்டுத் தள்ளின?" என்றான் அஸ்வின், தன் ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டர் திரையை வெறித்தபடி.

திரை முழுக்க ஒரே சிவப்பு. மேடையெல்லாம் வழிந்து, சுவரில் தெறித்து, தரையில் குளம் கட்டியிருந்தது. ஆதார் ஜெராக்ஸுக்காக வந்து நின்ற கெம்பம்மா எட்டிப் பார்த்து, "ஏனப்பா இது, ரக்தவா?" என்று கன்னடத்தில் அலறி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தக்காளிக் குழம்பு, அக்கா!" என்றான் டேனி அவசரமாக. "எங்க வீட்டு அடுப்படிதான். இது பிஃபோர். அடுத்த படம் ஆஃப்டர்."

அடுத்த படத்தில் அதே மேடை முகம் பார்த்துப் பவுடர் போடலாம் போல மின்னியது.

ஓசூரில் ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனியில் டேனி லைன் லீடர். மெஷின் மேல் ஒரு சொட்டு எண்ணெய் கண்டால் ஊரைக் கூட்டிவிடுவான். சுத்தத்துக்கான கேடயம் அவன் லைனை விட்டு நகர்ந்ததே இல்லை. வீட்டிலோ, குடித்து வைத்த டீ டம்ளர் தானாக நடந்துபோய்க் குளித்துவிட்டு வரும் என்று நம்புகிற ரகம்.

அவன் மனைவி லிபியா, இன்னொரு கம்பெனியில் குவாலிட்டி ஆடிட்டர். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, திங்கட்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு ஊத்தங்கரையில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். "அடுப்படியை நீங்களே சுத்தம் பண்ணி, கம்பெனிக்குக் குடுக்கற மாதிரியே பிஃபோர், ஆஃப்டர் போட்டு பி.டி.எஃப் அனுப்புங்க. அப்பத்தான் வருவேன்" என்பது அவள் வைத்த நிபந்தனை.

பிஃபோர் இல்லாத ஆஃப்டருக்கு எந்த ஆடிட்டிலும் மார்க் கிடையாது. படம் எடுக்காமல் துடைத்துவிட்டு முழித்த பையன்களை டேனியே எத்தனை தடவை திட்டியிருக்கிறான்!

நாளை ஞாயிறு. இருவருக்கும் முதல் கல்யாண நாள். சபையில் ஜோடியாக முன்னால் நிற்க வைத்துப் பாஸ்டர் ஜெபம் பண்ணுவார். ஒற்றை ஆளாகப் போய் நின்றால், ஜெபத்தை விட்டுவிட்டு விசாரணையை ஆரம்பித்துவிடுவார்.

அஸ்வின் இரண்டு படங்களையும் சேர்த்து பி.டி.எஃப் ஆக்கும் பட்டனைத் தட்டினான். 'படம் எடுத்த தேதி செல்லாது' என்று ஒரு பெட்டி வந்து வழிமறித்தது.

"ஒவ்வொரு போட்டோவுக்குள்ளயும் கண்ணுக்குத் தெரியாத சீட்டு ஒண்ணு ஒட்டியிருக்கும்டா. என்னைக்கு எடுத்தது, போனை எப்படிப் புடிச்சு எடுத்ததுன்னு எல்லாம் அதுல இருக்கும். உன் ஆஃப்டர் சீட்டு சரியா இருக்கு. பிஃபோர்லதான் கோளாறு. மாசம் இருபத்தஞ்சுன்னு போட்டிருக்கு."

"அதனால என்ன?"

"வருஷத்துக்குப் பன்னெண்டு மாசம்தான்டா. உங்க பைபிள்ல எதுனா எக்ஸ்ட்ரா குடுத்திருக்காங்களா?"

"பன்னெண்டு மாசத்தையே என் மருமககூடத் தள்ள முடியல," என்றாள் கெம்பம்மா.

அஸ்வின் கண்ணைச் சுருக்கினான். "யாரோ தேதியை நோண்டியிருக்காங்க. மாசம் போட வேண்டிய எடத்துல தேதியை அடிச்சுட்டாங்க. யாருடா அது?"

"போன் கீழ விழுந்துடுச்சு மச்சான்."

"விழுந்தா கண்ணாடி உடையும். மாசமா உடையும்?"

"அட, விடுடா! அந்தச் சீட்டையே கிழிச்சுப் போட முடியாதா? ரெண்டு படத்துலயும் கிழிச்சிடு. ஒரு எழுத்துகூட மிச்சம் இருக்கக் கூடாது."

அஸ்வின் படத் தகவல்களை எல்லாம் நீக்கிவிட்டு மறுபடி தட்டினான். பி.டி.எஃப் வந்தது. ஆனால் ஆஃப்டர் படம் பக்கவாட்டில் படுத்துக் கிடந்தது. அடுப்பு சுவரேறி நிற்க, குழாய் குறுக்கே நீட்டிக்கொண்டிருந்தது.

"போனை எப்படிப் புடிச்சன்னு சொல்ற சீட்டும் சேர்ந்து போயிடுச்சில்ல," என்று அதைக் கையாலேயே நிமிர்த்தி வைத்தான். முதல் பக்கம் குழம்பு, இரண்டாம் பக்கம் மினுமினுப்பு. ஊத்தங்கரைக்கு அனுப்பியாயிற்று.

டேனி நகத்தைக் கடித்து முடித்து விரலுக்குப் போகும் நேரத்தில் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டான். ஜெயிக்கும்போது சாட்சி வேண்டுமே!

"ரிப்போர்ட் பாத்தேன்," என்றாள் லிபியா. "நீங்கதான் தேய்ச்சீங்களா, ஆள் வெச்சா?"

"சத்தியமா நானேதான், லிபி. நேத்து லீவு போட்டுத் தேய்ச்சேன். கையைப் பாரு, தோலே உரிஞ்சுபோச்சு."

"போன்ல கை தெரியாதுங்க." குரல் குழைந்தது. "நம்பறேன். பஸ் ஸ்டாண்டுலதான் நிக்கறேன். பஸ் வந்ததும் ஏறிடுவேன்."

டேனி அஸ்வினைக் கட்டிப் பிடித்தான். கெம்பம்மாவுக்கும் ஒரு கும்பிடு போட்டான்.

"ஒரே ஒரு சந்தேகம்," என்றாள் லிபியா. "ரெண்டு படத்துலயும் சுவத்துல தினம் தாள் கிழிக்கற நம்ம வசன காலண்டர் தெரியுது. சுத்தமா இருக்கற படத்துல வெள்ளிக்கிழமைத் தாள். அழுக்கா இருக்கற படத்துல இன்னைக்கு, சனிக்கிழமைத் தாள்."

டேனி ஸ்பீக்கரை அணைக்கும் பட்டனைத் தேடினான்.

"ஏங்க, இப்ப அடுப்படி எந்தப் படம் மாதிரி இருக்கு?"