அந்நியக் காவலன்

தேசத்தின் பாதுகாப்பு, மாகாணத்தின் மானம், மாவட்டக் குடிநீர் நிறுவனத்துக் கணினிகளின் கற்பு ஆகிய மூன்றையும் முன்னிட்டு, பொது மேலாளர் லுவோ செங்வெய் திங்கட்கிழமை காலை ஒலிபெருக்கியில் ஒரு வரலாற்று அறிவிப்பை வெளியிட்டார். கூடியிருந்தவர்கள் மொத்தமே ஒரு மேசையைச் சுற்றி அடங்கிவிடுவார்கள். ஆனாலும் ஒலிபெருக்கி வேண்டும் என்றார்.

"வெளிநாட்டுப் பாதுகாப்பு மென்பொருளுக்கு அரசாங்கம் தடை போட்டாச்சு! இத்தனை வருஷமா நம்ம கம்ப்யூட்டரைக் காவல் காத்த அந்த அந்நியச் சனியன் வேரோட போகணும். உள்நாட்டுச் சரக்கு உள்ள வரணும். வெள்ளிக்கிழமை மாகாணத் தலைநகர்லேர்ந்து ஆய்வுக் குழு வருது. பழசை எடுக்கறதைப் பக்கத்துல நின்னு பாப்பாங்க!"

அந்தக் குழுவின் அறிக்கையில்தான் லுவோவின் மாகாணத் தலைநகர் மாற்றல் தொங்கிக்கொண்டிருந்தது. பதவி இன்னும் வரவில்லை. அங்கே போகப்போகும் வீட்டு ஜன்னலுக்கு அவர் மனைவி திரைச்சீலை மட்டும் வாங்கிவிட்டார்.

எல்லோரும் கைதட்டினார்கள். கணினிப் பிரிவுத் தலைவர் ஃபெங் மட்டும் தட்டவில்லை. அந்தப் பிரிவில் தலைவரும் அவரே, தொண்டரும் அவரே. அவர் முகம் வெளுத்திருந்தது.

புதன்கிழமை, கோப்புப் பிரிவு வெய் அக்கா மேலாளர் அறைக்குள் நுழைந்து, கேட்காமலே கதவைச் சாத்தினார்.

"ஐயா, இந்த ஃபெங் போக்கே சரியில்ல. நேத்து மத்தியானம் சாப்பிட்டுட்டு எல்லாரும் வழக்கமான குட்டித் தூக்கத்துக்கு மடக்குக் கட்டிலை விரிச்சுப் படுத்துட்டாங்களா, இவன் மட்டும் பூனை மாதிரி மேசை மேசையாப் போய் கம்ப்யூட்டரைத் திறக்கறான், மூடறான்."

"தூசி தட்டியிருப்பான்."

"தூசி தட்டறவனுக்கு ஏன் ஐயா இப்படி வேர்க்குது? அப்புறம் மாடிப்படியில நின்னு போன்ல கெஞ்சறான். 'அந்த வெளிநாட்டு மென்பொருளே வேணும். தடையெல்லாம் எனக்கும் தெரியும். என்ன விலைன்னாலும் சரி'ங்கறான்."

லுவோ நாற்காலியிலிருந்து எழுந்தார். "உளவாளி!"

முதலில் அவருக்குக் குலை நடுங்கியது. இத்தனை நாள் தன் மூக்குக்குக் கீழேயே ஓர் உளவாளியா! அடுத்த நொடியே நடுக்கம் நின்று புன்னகை வந்தது. மென்பொருளை மாற்றிய மேலாளர் ஊருக்கு ஊர் இருப்பான். உளவாளியைக் கையும் களவுமாகப் பிடித்த மேலாளர் எத்தனை பேர்? மாகாணத் தலைநகர் என்ன, பெய்ஜிங்கே கூப்பிட்டாலும் கூப்பிடும். ஜன்னல் அளவு வேறாக இருக்குமே, திரைச்சீலையை மாற்ற வேண்டியிருக்குமே என்றுகூட ஒரு கணம் கவலைப்பட்டார்.

உளவாளிகளைப் பிடிக்கும் தேசப் பாதுகாப்புத் துறைக்குத் தானே போன் செய்தார். பிறகு, செய்தித்தாளில் படம் வரும் என்று முடி வெட்டிக்கொண்டார்.

வியாழன் மதியம். சாப்பாடு முடிந்து விளக்குகள் அணைந்தன. அலுவலகம் முழுக்கக் கட்டில்கள், குறட்டைகள். அவற்றில் வெய் அக்காவின் குறட்டை மட்டும் நடிப்பு. அதனால் மற்றவற்றைவிட இயல்பாக இருந்தது. தேநீர் அறையில் சாதாரண உடையில் இரண்டு அதிகாரிகள் காத்திருந்தார்கள்.

ஃபெங் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். ஒரு கணினியில் பென் டிரைவைச் செருகினார். தடைசெய்யப்பட்ட வெளிநாட்டு மென்பொருளின் சின்னம் திரையில் பளிச்சென்று எழுந்தது.

"கையை எடுடா!" லுவோ விளக்கைப் போட்டார். அதிகாரிகள் பாய்ந்து வந்தார்கள். தூங்கியவர்கள் எல்லாம் எழுந்து உட்கார்ந்தார்கள்.

"எந்த நாட்டுக்கு வேலை பாக்கறே? சொல்லு!"

"இந்த நிறுவனத்துக்குத்தான் ஐயா!"

"நாடே தூக்கி வெளியில எறியறதை நீ திருட்டுத்தனமா உள்ள ஏத்தறே. துரோகி!"

ஃபெங் அழத் தொடங்கினார். "நாளைக்கு ஆய்வுக் குழு முன்னாடி இதை எடுத்துக் காட்டணும்னீங்களே ஐயா. எடுக்கணும்னா, முதல்ல இருக்கணும்ல?"

அதிகாரிகளில் மூத்தவர் குனிந்தார். "அப்போ இத்தனை வருஷமா இந்தக் கம்ப்யூட்டர்கள்ல என்ன இருந்துச்சு?"

"ஒண்ணுமே இல்லீங்க."

ஒரு கணம் லுவோவின் முகம் தொங்கிப் போனது. உளவாளி கைநழுவிவிட்டான். ஆனால் அவர் லேசில் விடுகிற ஆள் இல்லை.

"கேட்டீங்களா! உளவாளி இல்லேன்னா திருடன்! வருஷா வருஷம் அந்த மென்பொருளுக்குப் பணம் போயிருக்கு. என் கையாலதான் கையெழுத்துப் போட்டேன். ஐயா, இவன் சொல்றதை ஒரு வார்த்தை விடாம எழுதிக்குங்க. அந்தப் பணமெல்லாம் எங்கடா போச்சு?"

"இப்ப வேணாம் ஐயா."

"சொல்லுடா!"

"உங்க மாற்றல் கெட்டுடக் கூடாதேன்னுதான் ஐயா, சத்தமில்லாம நானே முடிச்சிடலாம்னு பாத்தேன்."

"என் மாற்றலைப் பத்தி உனக்கென்ன? பணம் எங்க?"

ஃபெங் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அரசாங்கக் காசுல மது வாங்கக் கூடாதுன்னு அப்போ ஒரு உத்தரவு வந்துச்சே ஐயா. வசந்த விழாப் புத்தாண்டு விருந்துக்கு முதல் நாள். 'மதுச் செலவை வேற எந்தக் கணக்குலயாவது எழுதிக்கோ, போய்யா'ன்னு சொன்னீங்க. நான் இந்த மென்பொருள் கணக்குல எழுதினேன். அப்புறம் வருஷா வருஷம் இதுலயே எழுதினேன்."

மூத்த அதிகாரி பேனாவை நிறுத்தி லுவோவை ஏறிட்டார். "இதையும் எழுதிக்கவா ஐயா?"

நிறுவனத்தை இத்தனை ஆண்டுகளாகக் காத்துவந்த அந்நியப் பாதுகாப்பு முழுவதையும் பொது மேலாளர் விருந்தாளிகளோடு சேர்ந்து குடித்துத் தீர்த்திருந்தார்.